இருநூற்று நாற்பதாம் பக்கம்

காலை பதினொரு மணிக்கு எக்ஸ்ரே அறையில் கூட்டம் குறைந்ததும் பூதக்கண்ணாடி கைப்பேசியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் வயிறு எரிந்தது.

பூதக்கண்ணாடி என்பது 'புத்தகக்கூடு' இணையதளத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். வீட்டிலிருக்கும் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, அதே புத்தகம் வைத்திருப்பவர்களோடு பேசிக்கொள்ளும் இடம் அது. யாரோடு யாருக்கு எத்தனை புத்தகங்கள் பொது என்று புத்தகக்கூடே எண்ணிச் சொல்லிவிடும். அதில் முதலிடம் யாரோ, அவர் பெயர் உங்கள் பக்கத்தின் உச்சியில் 'நெருங்கிய அலமாரி' என்று நிற்கும்.

நூல்கண்டின் பக்கத்தில் மூன்று வருடங்களாக நின்றது பூதக்கண்ணாடியின் பெயர். இன்று அங்கே 'கரையான்' என்றிருந்தது. ஒத்த நூல்கள் 391. அவளுடையது 388.

நூல்கண்டு வேறு ஊரில் தையற்கடை வைத்திருப்பவள். இருவரும் நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் "கண்ணாடி அக்கா" என்று இரண்டு செய்தி அனுப்பிவிடுவாள். கரையான் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன வாரம் அவனுக்கு நூல்கண்டு எழுதிய பதில் பதினொரு வரி. இவளுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை. அவன் இவளுடைய ஊர்க்காரனாகவே இருந்தது கூடுதல் எரிச்சல்.

வீட்டில் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், எதற்கும் பதறாதவர்.

"எனக்கு வர்ற மெசேஜை என்னைக்காவது இப்படி நோண்டியிருக்கியா? முகம் தெரியாத தையக்காரம்மாவுக்கு இந்தப் பாடா?"

"உங்களுக்கு யாரு பதினொரு வரி எழுதுறா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வகுப்பெடுக்கப் போனதும் அந்தக் காரியத்தைச் செய்தாள். நூல்கண்டின் அலமாரியில் இருந்து, தன்னிடம் இல்லாத பதினாலு புத்தகங்களைத் தன் அலமாரியில் சேர்த்தாள். கூட்டில் ஒரே ஒரு கட்டளைதான் உண்டு: கையில் இருக்கும் புத்தகத்தை மட்டுமே பதிய வேண்டும், பக்கங்களையும் தானே எண்ண வேண்டும். ஆனால் அடுத்தவர் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. அட்டையின் நிலை, மடிப்பு, கறை எல்லாவற்றையும் தன் பிரதிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். முதல் பத்தில் கவனமாக மாற்றினாள். பிறகு அலுத்துப்போய் வெறுமனே பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள்.

ஒத்த நூல்கள் 402. பூதக்கண்ணாடி மீண்டும் உச்சியில். அன்று மதியம் அவள் போட்ட காபி அவளுக்கே ருசித்தது.

மறுநாள் நூல்கண்டிடமிருந்து நீண்ட செய்தி வந்தது. எண்ணினாள். பதினேழு வரி. மகிழ்ந்து படிக்க ஆரம்பித்தவள் நாலாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

பதினாலில் ஒன்று, கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய பழைய நாவல். நூல்கண்டின் அப்பா அதை வாலிபத்தில் ஏதோ நூலகத்தில் படித்தவர். கடைசியில் அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் படகேறிப் போய்விடுவாள் என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். பிறகு தேடிப்பிடித்து ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிரதி 240ஆம் பக்கத்தில், அவள் படியேறுவதோடு முடிந்தது. படகும் இல்லை, பயணமும் இல்லை. பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வேறு பிரதியை யாரும் பதியவில்லை.

"இப்ப நீங்க பதிஞ்சிருக்கீங்க அக்கா, உங்களதுலயும் 240 பக்கம்தான்," என்று எழுதியிருந்தாள். "அப்ப நாவலே அவ்வளவுதான். அந்த முடிவை அப்பாவே கட்டிவிட்டிருக்கார். ஊரை விட்டுத் தனியா வந்து கடை போட்டப்ப அந்தப் படகை நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். போகட்டும். தெரியப்படுத்துனதுக்கு நன்றி."

பூதக்கண்ணாடி அன்று ஒரு பெரியவரின் வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலைப் படமெடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் நூல்கண்டு போய்விடுவாள். எங்கே போவாள்? நேராகக் கரையானிடம். பதினொரு வரி இருபத்திரண்டாகும். அந்த நினைப்பே அவள் வாயைக் கட்டிப்போட்டது. செவ்வாயும் புதனும் கழிந்தன.

வியாழக்கிழமை கரையானே அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பினான்.

"மேடம், வணக்கம். அந்த நாவலோட அட்டையில 'இடது மூலையில் தையல் மெஷின் எண்ணெய்க் கறை'ன்னு போட்டிருக்கீங்க. உங்க வீட்லயும் தையல் மெஷின் இருக்குங்களா?"

கீழே இன்னும் ஒரு வரி. "அவங்க பக்க எண்ணை மட்டும்தான் பார்த்திருக்காங்க போல. நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

காட்டிக்கொடுத்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இவன் பெருந்தன்மை அல்லவா காட்டுகிறான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மதியமே நூல்கண்டிடம் எண் வாங்கி அழைத்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. முதல் முறையாகக் கேட்ட குரல் "சொல்லுங்க அக்கா" என்று சிரித்தது. அந்த நாவல் மட்டுமல்ல, பதினாலுமே தன்னிடம் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். முதலிடத்துக்காகச் செய்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மெஷின் நின்றது.

"நாலு நாளா எங்கப்பா மேல கோபமா இருந்தேன்," என்றாள் நூல்கண்டு. "செத்துப்போன மனுசன் மேல. படத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல."

"தெரியாம..."

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க." குரல் உயரவில்லை. அக்கா மட்டும் காணாமல் போயிருந்தது. "வெக்கிறேன். கஸ்டமர் நிக்கிறாங்க."

பதினாலு பதிவுகளையும் அழித்தாள். எண் 388க்கு இறங்கியது, கரையான் பெயர் உச்சிக்கு ஏறியது. அதற்குக் கீழே அவன் பகிரங்கமாக ஒரு குறிப்புப் போட்டிருந்தான்: அந்த நாவலின் முழுப் பிரதியை எப்படியும் தேடித் தருகிறேன்.

தேடித் தருவானாமே. அவளுக்குச் சுருக்கென்றது. கண்டுபிடித்தால் அது தன் கையால்தான் நடக்க வேண்டும். மதிய உணவு வேளை முழுக்க ஊரிலிருந்த பழைய புத்தகக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டாள். "எக்ஸ்ரே அக்கா பழைய புத்தகக் கடையா விசாரிக்கிறாங்க, வீடு மாத்துறாங்களா?" என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். ஆறாம் நாள் ஒரு கடைக்காரர் தேடிவிட்டு வந்து, இருக்கிறது என்றார்.

"கடைசிப் பக்கத்துல என்ன நம்பர்னு பாருங்க."

"இருநூத்தி ஐம்பத்தாறு. ஆனா இப்பத்தான் ஒருத்தர் இதையே கேட்டார். வந்துக்கிட்டிருக்கார்."

"அவருக்குக் கொடுத்துடாதீங்க. இதோ வர்றேன்."

மருத்துவமனை அங்கியோடு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கடைவாசலில், லிப்ட் பழுதுபார்ப்பவர்களின் நீலச் சட்டை போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. அவள் அங்கியில் குத்தியிருந்த எக்ஸ்ரே பிரிவு அடையாள அட்டையை அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"கூட்டுல எக்ஸ்ரே வேலைன்னு போட்டிருப்பீங்களே, கண்ணாடி மேடமா?"

மூன்று மாதமாக அவள் மனதில் 'அவன்' என்று இருந்தவர், முன்வழுக்கையும் எண்ணெய் படிந்த நகங்களுமாக, அவளைவிடப் பெரியவராக நின்றார்.

"படிச்சிட்டீங்களா?" என்றாள்.

அவர் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். நின்றபடியே கடைசி இரண்டு பக்கங்களைப் படித்தாள். அந்தப் பெண் விளக்கை அணைத்தாள். படியிறங்கினாள். படகில் ஏறினாள். நூல்கண்டின் அப்பா எதையும் கட்டிவிடவில்லை.

"நீங்களே சொல்லுங்க மேடம்," என்றார் கரையான். "நீங்களும்தான் இவ்வளவு தேடியிருக்கீங்க."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கைப்பேசியை எடுத்து 'படகு இருக்கிறது' என்று அடித்தும்விட்டாள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. கையில் இல்லாத புத்தகத்துக்குப் பக்கம் எண்ணியவள் இப்போது படகு இருக்கிறது என்றால், நூல்கண்டு அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? இன்னொரு சந்தேகத்தோடு அப்பா படத்தின் முன் நிற்பாள்.

அடித்ததை அழித்தாள்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க போட்டோ எடுத்து அனுப்புங்க," என்றாள். "என் பேரு வேண்டாம்."

அவர் தலையசைத்தார். பக்கம் மடங்காமல் இருக்க அவள் புத்தகத்தை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். அவர் கைப்பேசியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"உங்க கட்டைவிரல் விழுதுங்க. கொஞ்சம் நகர்த்துங்க."

எழுத்தை மறைக்காத அளவுக்கு மட்டும் நகர்த்தினாள்.