பாரம் ஏற்றாத பிக்கப்

மனைவியின் நர்சரிச் செடிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகத்தான் அவர் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். வருடக்கணக்கில் காரேஜே கதியென்று கிடந்து, துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்து மாட்டி, பின்பக்க மரப்பலகைகளுக்கு முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ் அடித்தார். பிறகு ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அதில் எதையும் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“தொட்டி உரசும்மா. மண்ணு வேற கொட்டும்.”

“இன்னிக்கும் விக்கலன்னா நர்சரிய இழுத்து மூட வேண்டியதுதான். இது பாரம் ஏத்துற வண்டியா, மடியில வச்சுத் தாலாட்டுற வண்டியா?”

அவர் பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தார். செடிகள் அவளுடைய சின்னக் காரில் மூச்சுத் திணறிப் போயின. அவர் ஓட்டிய பிக்கப் அதன் பின்னாலேயே காலியாக, கம்பீரமாகப் போனது.

சந்தையில் கூட்டம் மொத்தமும் பிக்கப்பைச் சுற்றி நின்றது. செடிப்பக்கம் ஈ காக்கைகூட இல்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அவள், தொட்டிகளைத் தூக்கிவந்து அந்தப் பளபளத்த பலகைகள் மேல் அடுக்கினாள். இத்தனை பேர் முன்னால் கத்தினால் மானம் போகும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வியாபாரம் சூடு பிடித்தது. சிந்திய மண்ணை அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்பா, அந்த ரோஜாவக் கொஞ்சம் எடுத்துக் குடு” என்றார் செடி வாங்க வந்த ஒருவர்.

துடைத்துக்கொண்டிருந்தவர் மனைவியைப் பார்த்தார்.

“என்னைய என்ன பாக்குறீங்க? அண்ணன் கேக்குறாருல்ல, எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கீறல். அடுத்த தொட்டியை அதன்மேல் நகர்த்தி வைத்தார்.