கால்மாட்டு யானை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வீரபாகு நெய்த யானை என்றால் தனி மதிப்பு. துதிக்கையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றின் வாலை ஒன்று இடிக்காமல், பட்டுப்புடவையின் கரை நெடுக அடக்க ஒடுக்கமாக வரிசையில் போகும். அவருடைய தங்கை இளவரசி தைத்த யானைக்கு அந்த ஒழுக்கமெல்லாம் கிடையாது. அது ஐயம்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில், டிரைவருக்குப் பக்கத்தில் அரைச் சீட்டில் தொற்றிக்கொண்டு, ஒரு காதை வெளியே பறக்கவிட்டுக்கொண்டு போகும்.

இளவரசி தைப்பது குழந்தைகளுக்கான ஒட்டுப்போர்வை. கலர் கலராகப் பருத்தித் துணியை உருவம் உருவமாக வெட்டி மெஷினில் ஒட்டுப்போட்டு, உள்ளே மெல்லிசாகப் பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, பஞ்சு நகராமல் இருக்க மேலெல்லாம் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடிப்பாள். கோயில் தூணில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற யாளி, இவள் போர்வையில் பல் தேய்க்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அன்னம் மழைக்கு ரப்பர் ஷூ போட்டிருக்கும். புடவைகளில் காலங்காலமாக வருகிற இருதலைப்பட்சியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு தலை இட்லியை விழுங்கும், இன்னொரு தலை கண்ணீர் விட்டு அழும். வயிறு ஒன்றுதானே, எதற்கு அழுகை என்று அதற்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பட்சியைப் பார்த்த அன்றைக்கு வீரபாகு மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னாமா இது? நம்ம அப்பா, தாத்தா எல்லாம் நெய்ஞ்ச பட்சி. அதுக்குப் போயி இட்லி ஊட்டிக்கினு இருக்கிறே?"

"பசிக்குதுன்னுச்சுண்ணா," என்றாள் இளவரசி, வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலேயே.

அவர் சிரிக்கவில்லை. வீரபாகுவுக்குத் தங்கைமேல் பாசம் மலையளவு. அவள் தைப்பதன்மேல் மதிப்பு கடுகளவு. "கந்தல் தைக்கிறா" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு முகத்தில் தெரியும், அதுதான் அவளுக்குச் சொன்னதைவிட உறைக்கும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் அண்ணன் தறிக்குத் தார் சுற்றியவள். தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் பட்டு நூலைச் சுற்றிச் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. கல்யாணமாகி, புருஷன் முத்துக்குமாரும் அதே வீட்டுத் தறியில் உட்கார்ந்த பிறகும் அவள் விட்ட இடத்திலிருந்து சுற்றினாள்; போர்வை தைக்க ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது. ஊரில் அவளுக்குப் பெயரே கிடையாது. ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் 'வீரபாகு தங்கச்சி', அவ்வளவுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் ரேவதி என்பவர் மழலையர் பள்ளி ஒன்று தொடங்கப்போவதாகவும், மதியம் படுத்துத் தூங்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போர்வை வேண்டும் என்றும் தகவல் வந்தபோது, ரேவதியும் முதலில் கேட்டது "வீரபாகு தங்கச்சியா?" என்றுதான். வீரபாகுவே போய், "என் தங்கச்சி கை. தப்பு வராது, நான் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். உறவுக்காரர்களைத் தாண்டி வந்த முதல் பெரிய வேலை அது. திரும்பி வந்தவர் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் சொன்னார்.

"என் பேரச் சொல்லி வாங்கிக் குடுத்திருக்கிறேன்மா. கெட்டுதுன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியாது."

இளவரசிக்குச் சுருக்கென்றது. "கெடாதுண்ணா. கெட்டுதுன்னா தையல் மெஷினத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டு, மறுநாளே வந்து உங்க தறிக்குத் தார் சுத்துறேன். போதுமா?"

"அதுவும் நல்லதுதான்," என்றார் அண்ணன். அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. வைத்துச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பந்தயத்தை அவள் வீம்புக்குக் கட்டவில்லை. அவள் கையில் ஒரு விஷயம் இருந்தது. அது அவளுக்கே ஒரு தவறிலிருந்து கிடைத்தது. மகள் மகிழினிக்கு மூன்று வயதாக இருந்தபோது தைத்த முதல் போர்வையில் யானையைத் தலைமாட்டுப் பக்கம் தலையும் கால்மாட்டுப் பக்கம் காலுமாக வைத்துத் தைத்தாள். நெசவு வீட்டுப் பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? புடவையில் இருக்கிற மயிலும் யானையும் கட்டியிருக்கிறவள் பார்ப்பதற்கா, எதிரே வருகிறவள் பார்ப்பதற்கா? எதிரே வருகிறவளுக்குத்தான். அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் துணி என்றாலே பிறர் கண்ணுக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மகிழினியோ அந்தப் போர்வையைப் போர்த்திய நாள்முதல் தலையணையை உதறிவிட்டு, கால்மாட்டுக்கு நகர்ந்துபோய் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாள். அது வடக்கு. வடக்கே தலைவைத்துப் படுக்கிறதாவது! இளவரசி தூக்கித் தெற்கே கிடத்துவாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பிள்ளை மறுபடி வடக்கே. அதட்டினாள், முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதுகொண்டே வடக்கே போனாள். கடைசியில் ஒரு மதியம், இந்தச் சனியனுக்கு இங்கே என்னதான் கொள்ளை போகிறது பார்ப்போம் என்று மகள் பக்கத்தில் தானும் படுத்துப் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டு பார்த்தாள். யானை நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது. தெற்கே தலைவைத்துப் படுத்துப் பார்த்தாள். யானை தலைகீழாகத் தொங்கியது.

அவ்வளவுதான் விஷயம். போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளைக்குப் போர்வையின் மேல்பக்கம் கீழே, கீழ்ப்பக்கம் மேலே. அந்தப் பிள்ளைக்கு யானை நேராகத் தெரிய வேண்டுமென்றால் யானையின் கால் பிள்ளையின் மோவாயருகே இருக்க வேண்டும். பெரியவர்கள் நின்றுகொண்டு பார்த்தால் கோணல்தான். பார்க்கட்டுமே, அவர்களா தூங்கப் போகிறார்கள்? அன்றிலிருந்து அவள் தைத்த எல்லா உருவமும் பிள்ளையைப் பார்த்தே நின்றன. எந்தப் பக்கம் தலைமாடு என்று தெரிவதற்காக, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டை வைத்து அந்த ஓரத்தை முடித்தாள். மோவாயில் உரசுகிற இடம் அல்லவா.

பள்ளி திறக்கிற நாளும் வந்தது. தூங்கும் அறையில் சின்னச் சின்ன மெத்தைகள் இரண்டு வரிசை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தில்லையம்மாள் எல்லாத் தலையணையையும் தெற்குப் பக்கமாகவே வைத்திருந்தார். சாத்திரம் தெரிந்த மனுஷி. இளவரசி ஒவ்வொரு போர்வையாகப் பட்டை தலையணையைத் தொடும்படி விரித்துவிட்டு, சுண்டலுக்குத் தேங்காய் துருவப் பின்கட்டுக்குப் போனாள்.

குத்துவிளக்கு ஏற்ற அழைக்கப்பட்டிருந்த வீரபாகு, சலவை வேட்டியும் ஜவ்வாது மணமுமாக முன்னதாகவே வந்துவிட்டார். அறைக்கு வடக்கு வாசல். உள்ளே காலை வைத்தவர் குனிந்து மெத்தைகளைப் பார்த்தார். யானை தலைகீழ். யாளி தலைகீழ். ஆட்டோ சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு போர்வை தப்பினால் கை பிசகு எனலாம். அத்தனையும் அல்லவா தலைகீழாக நிற்கின்றன! வாசலில் பெற்றோர்களின் வண்டிச் சத்தம் கேட்டது. மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க, எல்லாப் போர்வைகளையும் தலை கால் மாற்றித் திருப்பிப் போட்டுவிட்டார்.

இளவரசி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அறை நிறைந்திருந்தது. வாசலில் நின்ற தாய்மார்கள், "ஐயோ, ஆட்டோல யானை பாருங்களேன்! செம க்யூட்" என்று போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கத்தானே செய்வார்கள், எல்லாம் அவர்களைப் பார்த்துத்தான் நின்றன. அவளுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மோவாய்ப் பட்டைகள் எல்லாம் கால்மாட்டில் கிடந்தன.

"அண்ணா, யாரு திருப்பினது?"

"நான்தான்மா," என்றார் வீரபாகு, குரலைத் தாழ்த்தி. "எல்லாத்தையும் தலகீழா தெச்சி வெச்சிருக்கிறே. நல்ல வேள, யாரும் பாக்கல."

"தலகீழா இல்லண்ணா, அது பசங்களுக்கு..."

"இப்ப இன்னா, எல்லாரும் போட்டோ எடுத்துக்கினு இருக்கிறாங்க. பேரு வந்தாச்சு. கம்முனு இரும்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரேவதி முகமெல்லாம் பூரிப்பு. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை முடிந்தது, பந்தயமும் ஜெயித்தது. இளவரசி வாயைத் திறக்கவில்லை. ஆனால் தொண்டையில் மீன் முள் சிக்கினது போல ஒன்று நின்றுகொண்டே இருந்தது. இந்தப் பாராட்டு அவள் தைத்த போர்வைக்கு வந்ததல்ல, அண்ணன் திருப்பிய போர்வைக்கு வந்தது.

விளக்கேற்றினார்கள், சுண்டல் கொடுத்தார்கள். "பிள்ளைங்க படுத்துப் பாக்கட்டும்" என்று ரேவதி சொல்ல, தில்லையம்மாள் ஒவ்வொரு குழந்தையாகத் தெற்கே தலைவைத்துப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார். தாய்மார்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

முதலில் ஒரு குட்டிப்பெண் எழுந்து உட்கார்ந்தாள். போர்வையைப் பார்த்தாள், கழுத்தைக் கோணிப் பார்த்தாள். பிறகு தலையணையை விட்டுவிட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து மறுகோடிக்குப் போய், வேட்டித் துணிப் பட்டையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். அடுத்த மெத்தைப் பையன் அவளைப் பார்த்தான், அவனும் போனான். அப்புறம் சொல்ல வேண்டுமா? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்து, இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இரண்டு வரிசையும் தலை கால் மாறிவிட்டது.

"ஐயையோ, வடக்கால தல வெக்கிறாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், அத்தனை தாய்மார்களும் ஓடினார்கள். திறப்புவிழா நாளும் அதுவுமாக வடக்கே தலைவைத்து வரிசையாகப் பிள்ளைகள் படுத்துக் கிடந்தால் எந்தத் தாய் பார்த்துக்கொண்டு நிற்பாள்? தூக்கித் தெற்கே போட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்து மறுபடி வடக்கே ஓடின. இரண்டு பிள்ளைகள் அடிவாங்கி அழுதன.

"மேடம், இந்தப் போர்வைய மொதல்ல எடுத்துடுங்க," என்றாள் ஒரு தாய். "இதப் போத்துனதுல இருந்துதான் இப்டி. எங்களுக்கு வேணாம்."

ரேவதி கைகளைப் பிசைந்தபடி வீரபாகுவைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர் அவர்தானே. தில்லையம்மாள் ஒரு போர்வையை மடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

தன் போர்வை மடிவதைப் பார்த்ததும் இளவரசிக்குள் இருந்த முள் தானாக வெளியே வந்தது.

"மடிக்காதீங்கக்கா! எந்தப் போர்வையும் எடுக்கவேணாம். திருப்பிப் போடுங்க. பட்ட வெச்ச பக்கம் தலகாணிக்கு வரணும்."

"அப்ப யானை தலைகீழா வருமே?" என்றார் ரேவதி.

"நமக்குத்தான் மேடம் தலகீழு. நாம நின்னுக்கினு இருக்கிறோம். பசங்க படுத்துக்கினு இருக்குது. நான் படுத்துக்கினு பாக்கிறவங்களுக்குத்தான் தெச்சேன்."

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. அவளே முதல் போர்வையைத் திருப்பினாள். குட்டிப்பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; எழுந்து வந்து, தெற்கே தலையணையில் தலைவைத்து, மோவாயில் பட்டையை இழுத்துக்கொண்டு, "ஆனை டாட்டா காட்டுது" என்றாள். பிறகு மற்றவையும் திரும்பின. போர்வை திரும்பத் திரும்பப் பிள்ளைகளும் திரும்பின. அதட்ட ஆளே தேவைப்படவில்லை. கடைசி மெத்தையில் ஒரு பையன் இருதலைப்பட்சியின் அழுகிற தலைக்குத் தன் விரலால் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வராத பிள்ளை ஒன்றின் மெத்தை ஓரத்தில் காலியாகக் கிடந்தது. வீரபாகு மேல்துண்டை மடித்து வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அதில் போய்ப் படுத்தார். கால் முக்கால்வாசி தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. போர்வையை மோவாய்க்கு இழுத்தால் இடுப்போடு நின்றுவிட்டது. அந்தப் பெரிய மீசைக்குக் கீழே பழைய வேட்டிப் பட்டை. யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஷேர் ஆட்டோ யானையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என்னியத்தான்மா பாக்குது," என்றார் கடைசியில், தங்கையைப் பார்த்து. "இத்தினி வருஷம் யானை நெய்ஞ்சேன். ஒண்ணுகூட என்னியத் திரும்பிப் பாத்ததில்லமா."

இளவரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. தலை நிமிர்ந்து, மார்பு விம்மி, இது என் கை, என் புத்தி, என் பொண்ணு கற்றுக்கொடுத்த வித்தை என்று ஊரெல்லாம் கேட்கக் கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. விளிம்பில் பிரிந்திருந்த ஒரு நூலைக் குனிந்து கடித்து எறிந்தாள்.

போர்வை வேண்டாம் என்று சொன்ன தாய் அதற்குள் தன் மகன் பக்கத்தில் தானும் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டிருந்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, தரையில் கிடந்த பெரிய மனிதரிடம், "நீங்க யாருங்க? பெரிய நெசவுக்காரர்னு சொன்னாங்களே, அவரா?" என்று கேட்டாள்.

வீரபாகு படுத்தபடியே போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

"நான் இளவரசியோட அண்ணன்மா," என்றார்.

அறையில் எல்லாருக்கும் கேட்டது. இளவரசிக்கு ஒரு தடவை கேட்டது போதவில்லை. இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று இருந்தது. ஆனால் அண்ணன் கண்ணை மூடிவிட்டார். அவள் அருகில் போய்க் குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? நாளைக்குத் தார் சுத்துறதுக்கு வேற ஆளு பாத்துக்குங்க."

மூடிய கண்ணைத் திறக்காமலேயே அவர் தலையை ஆட்டினார்.