ஆறாம் பாகம் வரும்வரை

“செத்துப் பதினாலு வருஷமான மனுஷனை வச்சுக்கிட்டு இன்னும் என்னடி பண்ணப்போற? பார்சலைப் பிரி!” என்று அண்ணன் கத்த, “பிரிக்க மாட்டேன், நீ உன் வீட்டுக்குப் போ!” என்று தங்கை அதற்கு மேல் கத்த, சத்தம் மூன்று வீடு தாண்டியது. நான்காவது வீட்டில் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

விஷயம் தெரு அறிந்ததுதான். ‘உப்புக்கோட்டை’ என்ற மாயாஜாலத் தொடர் நாவலின் ஐந்தாம் பாகம் இளவரசியை டிராகனின் வாயில் விட்டுவிட்டு முடிந்திருந்தது. கடைசிப் பாகம் அடுத்த வருடம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அதை நம்பியிருந்த அப்பாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை இதயம் நின்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மகள் அழ ஆரம்பித்ததும் அப்பா கண்ணைத் திறந்து, “இளவரசி என்ன ஆனான்னு தெரியாம நான் எங்கம்மா போறது?” என்றார். அழ வந்தவர்கள் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு நாடி துடிக்கவுமில்லை, ஆள் போகவுமில்லை. புத்தகம் வருடாவருடம் தள்ளிப்போனது. எழுத்தாளருக்கு முதுகுவலி, பிறகு விவாகரத்து, பிறகு தோட்டக்கலையில் ஆர்வம். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துவிட்டு வந்து அப்பாவின் சில்லிட்ட கால்களுக்குக் கம்பளி சுற்றினாள். அவர் பார்வை மங்கியபோது அவள் தேய்த்த எந்த வில்லையும் உதவவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டால் எந்தப் பதிலும் பொய்யானது. ‘இந்த வருஷமும் இல்லையாம்ப்பா’ என்று சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்திருக்கும் என்று கவனித்தவர்கள் சொல்வார்கள். கவனிக்காதவர் யார்? பதினாலாம் வருடம் ஆறாம் பாகம் ஒருவழியாகப் பார்சலில் வந்து சேர, அவள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

அண்ணன் கெட்டவனில்லை. அந்தக் குளிர்ந்த கையைத் தொட்டுத் தொட்டு அவனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. சண்டையைத் தீர்த்தது உள்ளறையிலிருந்து வந்த குரல்: “ரெண்டு பேரும் வாயை மூடுங்க. முதல் பாகத்தை எடும்மா. யாருக்கு யாரு எதிரின்னே மறந்துபோச்சு. ஆரம்பத்துல இருந்து கேட்டாத்தான் ஒட்டும்.”

ஐந்து பாகங்களை உரக்கப் படிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் அவள் பாடிக்கொண்டே வேலைக்குப் போனாள். ஆறாம் பாகத்தைத் தினம் முப்பது பக்கமாகத் தொடங்கி, பத்தாக்கி, ஒன்றாக்கினாள்.

“என்னம்மா, எழுத்துக் கூட்டியா படிக்கிற?”

“தொண்டை கட்டியிருக்குப்பா.”

“எட்டு வாரமாவா?”

கடைசிப் பக்கத்தில் பாதியை மறுநாளுக்கு விட்டாள். மறுநாள் மதியம் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “தெரிஞ்சுக்காம இருக்க முடியலம்மா, படி” என்றார். படித்தாள். அப்பா கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

“ஹூம். முடிவுல அவசரப்பட்டுட்டான்.”

இன்னும் ஏதாவது குறை சொல்வார் என்று அவள் புத்தகத்தை மூடாமல் வெகுநேரம் காத்திருந்தாள்.

டாக்டர் இறப்புச் சான்றிதழில் இரண்டு தேதிகளை எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் இரண்டையும் பதிந்துகொண்டார்கள். அண்ணன் குடும்பத்தோடு துறைமுகப் பக்கம் குடிபோனான். அவள் அடுத்த வருடம் ஒரு பேருந்து நடத்துனரைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போனாள். அவருக்குப் புத்தகம் படிக்கும் பழக்கமே கிடையாதாம். நன்றாக விசாரித்துத்தான் கட்டிக்கொண்டாள் என்று கேள்வி.