எழுபத்தைந்துக்கு மேல் சைபர்

சூஹாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டீசல் புகையால் இல்லை. பெய்ரூத்தில் பிறந்தவளுக்கு அது பழகிப்போன நாற்றம். எதிரே உட்கார்ந்து பக்லாவா இனிப்பை வாய்நிறைய அடைத்துக்கொண்டிருந்த குழுத் தலைவர் வஜீஹைப் பார்த்துத்தான். அந்தத் தட்டு, தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் ஓட்டிக் கரண்ட் விற்கிற முதலாளிகள் அனுப்பியது. வெட்கங்கெட்ட குழு, பாதித் தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். ஊரிலுள்ள ஜெனரேட்டர்களுக்கெல்லாம் புகை வடிகட்டி மாட்டச் சொல்லிச் சட்டம் வரவேண்டுமா என்று இந்தக் குழுதான் முடிவு சொல்லும். வரவேண்டுமென்றால், அதனால் தப்பிக்கிற உயிர்களின் மதிப்பு மாட்டுகிற செலவைவிட அதிகம் என்று காட்டவேண்டும். குழுவுக்குக் கணக்குப் போடுகிற சூஹா மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு காட்டியும் விட்டாள்.

அவள் அப்பாவின் ஜன்னலுக்கு நேர் கீழேயும் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. அவர் நுரையீரலைத் தின்றது அதன் புகை. கரண்ட் போனால் அவருடைய ஆக்சிஜன் மெஷினை ஓட்டுவதும் அதேதான். அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. வடிகட்டி வந்தால்தான் மனுஷன் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார்.

"ஏம்மா, கிழடுகட்டைங்களை எல்லாம் கணக்குல சேர்த்து வச்சிருக்கியே?" என்றார் வஜீஹ், விரலில் வழிந்த பாகை நக்கியபடி.

"அவங்களும் மூச்சு விடுறாங்களே, உஸ்தாத்."

"விடட்டும், யாரு வேணாம்னா? சம்பாதிக்கிறாங்களா? எழுபதுக்கு மேல எல்லாருக்கும் சைபர் போடு. போய்ச் சேர்ந்தா பென்ஷனாவது மிச்சம்!"

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. த்தூ, இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா!

"போட்டுடலாம் உஸ்தாத்," என்றாள் சூஹா. "போன மாசம் உங்க பிறந்தநாள் கேக்குல எழுபத்திரெண்டுன்னு இருந்துச்சே. அப்ப நீங்களும் சைபர்தானே?"

சிரிப்பு பட்டென்று நின்றது. வஜீஹின் முகம் சுண்டிப்போயிற்று. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று சூஹா உள்ளுக்குள் குதித்தாள்.

அவர் நிதானமாக வாயைத் துடைத்தார்.

"நீ சொல்றதும் நியாயம்தான். எழுபது ரொம்பக் குறைச்சல். எழுபத்தஞ்சுன்னு வச்சுக்குவோம்."

குழுவில் அவரைவிட மூத்தவர் யாரும் இல்லை. எல்லாத் தலையும் ஆடியது. கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். உயிர்களின் மதிப்பு செலவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. சட்டம் அங்கேயே செத்தது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதம்மா. அப்பாவுக்கு ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போ," என்று தட்டை அவள் பக்கம் தள்ளினார் வஜீஹ். அவள் தட்டைத் தொடவில்லை. கணக்குத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா கேட்டார். "என்னாச்சும்மா? என்னையும் கணக்குல சேர்த்தாங்களா?"

"சேர்த்தாங்கப்பா."

"அப்படிப் போடு! என் உயிருக்கு எவ்ளோ போட்டாங்க?"

கரண்ட் போயிற்று. கீழே ஜெனரேட்டர் உறுமியது. மெஷின் விக்கி மறுபடி ஓட, கரும்புகை ஜன்னலேறி உள்ளே வந்தது. ஓடிப்போய்ச் சாத்தினாள், உள்ளங்கையெல்லாம் பிசுபிசுவென்று கரி.

"சொல்லேன், எவ்ளோ?" அப்பா விடுவதாயில்லை.

"ரொம்ப அதிகம்பா," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடியே. "அவங்களுக்குக் கட்டுப்படியாகலையாம்."