மிதியடியில் ஓட்டை

பெல்ட்டை மாட்டிய கையோடு அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. தொடுவதற்குள், சுட்டுவிட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, ஸ்டார்ட் ஆகலையா?" சித்தப்பா கார் ஜன்னலுக்குள் தலையை விட்டார். தூறல் அவர் வழுக்கையில் மணிமணியாக நின்றது. "எஜமான் போனதும் இதுவும் படுத்துக்கிச்சா?"

"இல்ல சித்தப்பா. ஆயிடும்."

"நான் முன்னாடி அண்ணனை ஏத்தியிருக்கற வண்டில ஏறிக்கறேன். அம்மா உன்கூட வரட்டும். எங்க பின்னாடியே வந்துடு." இரண்டடி போனவர் திரும்பினார். "அந்த டிரைவர் குடுத்து வச்சவன். உங்கப்பா உயிரோட இருந்திருந்தா, மயானம் போய்ச் சேர்றதுக்குள்ள அவனோட லைசன்ஸைப் பிடுங்கியிருப்பாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அப்பா ஒரு கார் தொழிற்சாலையின் சோதனைப் பாதையில் வேலை பார்த்தவர். தண்ணீர் ஊற்றி நனைத்த தரையில் காரை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதிப்பதுதான் உத்தியோகம். அப்படி மிதித்தால் சக்கரம் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். அதைக் கண்டுகொண்டு, சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கால் லேசாகப் பிடித்து, இன்ஜினையும் கொஞ்சம் அடக்கிவைக்கிற ஏற்பாடு ஒன்று காருக்குள்ளேயே இருக்கிறது. அது முந்திக்கொண்டால் கார் முக்கும், பிந்தினால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் பிடித்துத் தருவதற்காக அப்பா வருஷக்கணக்காக வழுக்கிக்கொண்டிருந்தார்.

சொந்தக் காரில் மட்டும் அதை வேலை செய்ய விடமாட்டார். வழுக்கும் காரின் படம் போட்ட அந்தப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார். "பகல் முழுக்க அதோட மல்லுக்கட்டறேன். சாயங்காலமும் அது மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்பார். ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் அது தானாக விழித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் அணைப்பார். பார்த்துப் பார்த்து வீட்டில் எல்லோர் கையும் அப்படியே பழகிவிட்டது. பெல்ட், பொத்தான், கியர். எதற்கு என்று யாரும் யோசித்ததில்லை.

முந்தாநாள் மாலை அவள் கையும் யோசிக்கவில்லை.

பின்சீட்டில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்திருந்தார். கொட்டுகிற மழை. கேட்டைத் தாண்டித் திரும்பினால் தெருமுனை வரைக்கும் மேடு, மேடு முழுக்க நனைந்த இலைகள். இருக்கிற பலத்தையெல்லாம் காலில் வைத்து மிதித்தாள். முன்சக்கரங்கள் வீறிட்டன. கார் நின்ற இடத்திலேயே நின்று மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பயத்தில் இன்னும் மிதித்தாள். இலைகள் கூழாகித் தெறித்தன. அப்போதுதான் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மெதுவாப் போம்மா. அவசரமில்ல."

அவசரமில்லையாம்! அம்மாமேல் அப்படி ஒரு கோபம் அவளுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

பின்னால் உருளவிட்டு, மறுபடி முயன்று, எப்படியோ ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்றார். எல்லோரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து தொண்டையில் ஒரு வாய் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்கவில்லை.

பக்கத்துக் கதவைத் திறந்து அம்மா ஏறினாள். காலை வைத்ததும் குனிந்து பார்த்தாள். "இதப் பாரேன்."

காலடியில் விரித்திருந்த ரப்பர் மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓட்டை. ஓட்டுகிறவர் பக்கத்து மிதியடி புதுசுபோல இருந்தது. தேய்ந்தது இந்தப் பக்கம்தான். வேறு யார் ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்த அப்பாவின் கால் சும்மா வராது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

"வேற வாங்குங்கன்னா, 'நீங்க ஓட்டற லட்சணத்துக்கு இதுவே அதிகம்'பாரு" என்றாள் அம்மா.

முன்னால் வண்டி நகர்ந்தது. அவள் கேட்டைத் தாண்டித் திரும்பினாள். மேட்டில் மறுபடியும் இலைகள் விழுந்திருந்தன. அப்பாவை ஏற்றிய வண்டி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் கால் பிரேக்கிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"என்னால முடியலம்மா."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"நான்தாம்மா. பழக்கதோஷத்துல பொத்தானை அணைச்சிட்டேன். அது இருந்திருந்தா நான் எப்படி மிதிச்சாலும் வண்டி பிடிச்சு ஏறியிருக்கும். இங்கயே நின்னு சுத்திக்கிட்டு… இந்த இடத்துலதான் அப்பாவை நான்…"



"ரெண்டு நாளா இதையா சுமந்துக்கிட்டுத் திரியற?" என்றாள் அம்மா. "அடிப் பைத்தியமே. உங்கப்பா இந்த மேட்டுக்கே வரல."

"என்னம்மா சொல்ற?"

"கேட்டைத் தாண்டினியே, அதோட சரி. அதுவரைக்கும் வலியோட வலியா உன் சீட்டை மிதிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. உனக்கு முதுகுல படல?"

பட்டது. அப்பா உதைக்கிறார் என்றுதான் அவள் இன்னும் வேகமாகத் திருப்பினாள்.

"திரும்பினதும் கால் நின்னுடுச்சு. மூச்சும் இல்ல. நீ இங்க சக்கரத்தை அந்தக் கத்து கத்த விடற, தெருவே எட்டிப் பாக்குது, அந்த மனுஷன் கால் அசையவே இல்ல. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு உங்கப்பா சும்மா இருக்கற ஆளா? நீயே சொல்லு."

அவள் திரும்பிக் காலியான பின்சீட்டைப் பார்த்தாள்.

"பெரிய டாக்டர்கிட்டயும் கேட்டேன். ஆஸ்பத்திரி பக்கத்து வீடா இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுட்டாரு."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"வண்டி ஓட்டறவகிட்ட என்னத்த சொல்றது? எங்கயாவது கொண்டுபோய் இடிச்சிருப்ப. அவரையாவது மடியில வச்சுக்கிட்டேன், உன்னை எங்க வச்சுக்கறது?" அம்மா முந்தானையால் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தாள். "அதான் அவசரமில்லன்னு சொன்னேன். நீ புரிஞ்சிக்கிட்டன்னு நெனச்சேன்."

மேட்டின் உச்சியில் அப்பாவின் வண்டி நின்றுவிட்டது. அம்மாவின் போன் அடித்தது.

"எங்க அண்ணி நின்னுட்டீங்க?" சித்தப்பாவின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "அண்ணன் பொறுமையில்லாத மனுஷன், தெரியுமில்ல?"

"இருக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் எங்களுக்காக நிப்பாரு" என்று அம்மா போனை வைத்தாள்.

அவள் கதவோரத்திலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து, நிறுத்தாமல் பாதிக்கு மேல் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பொத்தானைப் பார்த்தாள். அதன்பாட்டுக்கு விட்டுவிட்டு, காலை லேசாக வைத்தாள்.

இலைகள்மேல் ஏறும்போது சக்கரம் ஒரு கணம் நழுவியது. எதிரே டாஷ்போர்டில் வழுக்கும் காரின் படம் மஞ்சளாக மின்னியது, இன்னொரு முறை மின்னியது, அணைந்தது. கார் ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அம்மாவின் குதிகால், அவளையறியாமல், மிதியடியின் ஓட்டைக்குள் அழுந்தியது.