செத்த நுளம்பும் காணாத பிள்ளை

"என்ரை சுகிர்தாவுக்கு ஏழு வயசு. சாவெண்டால் என்னெண்டே தெரியாது. கடிக்கிற நுளம்பைக்கூடச் செத்துக் கண்டதில்லை!" என்று நீர்வேலி முழுக்கப் பெருமையடித்தார் சீவரத்தினம்.

வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ஊரே கூடிப் படம் பார்க்கையில், சண்டை தொடங்கினால் மகள் பார்க்கக்கூடாதென்று இடுப்பில் கட்டிய சாரத்தை மயில்போல விரித்து டிவியை மறைப்பார். ஊர் பார்த்தது பாதிப் படம், பாதி அவருடைய முதுகு.

"வானத்திலை பொம்பர் சுத்துற ஊரிலையோ? புளுகாதேங்கோ அண்ணை!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பூரணம்.

அடுத்த கிழமை பொம்பர் குண்டு போட்டுவிட்டுப் போனது. வாழைத் தோட்டத்தில் பூரணத்தின் புருசன் செத்துக் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில், செம்புத் தண்ணீரோடு குந்தியிருந்தாள் சுகிர்தா.

"மாமா எப்ப எழும்புவார், அப்பா?"

சீவரத்தினம் சாரத்தை விரித்து அவரை மறைக்கப் பார்த்தார்.

பூரணம்தான் பிள்ளையை இறுக்கி அணைத்தாள். "ஓம் அண்ணை, இவளுக்கு உண்மையாவே தெரியாது."