பிரிக்காத இசைத்தட்டு

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைகளின் இரைச்சலில் வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதுக்குள் வளர்ந்த கட்டியை மறுநாள் எடுப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதும் கேட்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்குள் ஒரே ஓர் இசையை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்றார் சித்தப்பா.

அவர் சேர்த்ததெல்லாம் ஹாலந்தின் பழைய ப்ராக்ரசிவ் ராக் இசைத்தட்டுகள். யாரும் பாடமாட்டார்கள், வாத்தியங்கள் மட்டும்தான். சித்தி அவற்றை ‘வாயில்லாப் பாட்டு’ என்பாள். பிடித்த தட்டு என்றால் இரண்டாக வாங்குவார். ஒன்று கேட்க, மற்றது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் வைக்க.

அவருக்கு உயிரான தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே இசை. ஆர்கனும் புல்லாங்குழலும் மெல்ல மெல்ல ஏறி, முடிவை நெருங்கும்போது ஊசி துள்ளிப் பின்னால் விழும். கல்யாணமான புதிதில் சித்தி அதை ஈரத்துணியால் துடைத்ததுதான் காரணம் என்பது அவர் தீர்ப்பு. மிக்ஸி நின்றாலும் விருந்தாளிகள் முன்னால், “ஈரத்துணி பட்டிருக்கும்” என்பார். மறுத்துப் பார்த்த சித்தி பிறகு விட்டுவிட்டாள்.

அன்று மதியம் அதே இசையின் பிரிக்காத இரண்டாவது தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கை வரவில்லை. சித்தி சமையலறைக் கத்தியை எடுத்துவந்து உறையைக் கீறினாள்.

“யாருக்குச் சேத்து வைக்கிறீங்க?”

கறுப்புத் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஊசியை வைத்துவிட்டு இடது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆர்கன் ஏறியது. புல்லாங்குழல் சேர்ந்தது. அதே இடம் வந்தது.

ஊசி துள்ளிப் பின்னால் விழுந்தது.

தட்டு அச்சாகும்போதே வந்த கோளாறு. வாசலில் நின்ற எனக்கே புரிந்தது. அந்த நாலைந்து ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. சித்தப்பா தலை நிமிரவில்லை.

“நீ பண்ணல,” என்றார் கடைசியில்.

“அதான் அப்பவே சொன்னேனே. ஊசிய எடுங்க, தேஞ்சிடப் போவுது.”

எடுத்தார். அடுத்த தட்டை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

“இந்தப் பக்கமா வந்து உக்காரு,” என்றார் சித்தியிடம். “இந்தக் காதுதான் கேக்குது.”

“உக்காந்து?”

“எதையாவது பேசு.”

சித்தி நாற்காலியை அவருடைய இடப்பக்கம் இழுத்துப் போட்டாள். முதலில் அந்த ஈரத்துணியிலிருந்துதான் ஆரம்பித்தாள்.